ஏமாற்றம் என்னும் அளவுகோல்

புகழின் உச்சியில் நிற்கும் பாடகர் ஒருவர் புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிடுகின்றார். அதற்கு முன்னர் வந்த அவருடைய தட்டு வானொலிதோறும் ஒலித்தது. இளைஞர்தம் உதடுகளில் வாழ்ந்தது. புதியது கடைக்கு வந்த ஒரு வாரத்திற்குள் 'ஏமாற்றிவிட்டார்' என்னும் சொல் எழுகின்றது. ஏடுகளில் எழுதுவோர் அதனையே தலைப்பாக்கிவிடுகின்றனர். மேனாட்டு மெல்லிசை வரலாற்றில் இச்சொல் ஒலிக்காத ஆண்டு அரிது. ஆண்டுகள் பல சென்றபின், அதே தட்டினை 'உணரப்படாது போன செல்வம்' என்று போற்றும் கட்டுரைகளும் வெளிவருவதுண்டு. இகழப்பட்டதும் புகழப்பட்டதும் ஒரே பொருள்தான். தட்டில் வெட்டப்பட்ட வரிப்பள்ளம் ஒன்றுகூட இடம் பெயரவில்லை. அவ்வாறாயின் மாறியது யாது?

திறனாய்வு பயிலும் மாணவர்க்கு இவ்வினா மிகவும் பயனுடையது. 'ஏமாற்றம்' என்பது கேட்டவரின் உள்ளநிலையைச் சுட்டும் சொல்; கேட்கப்பட்ட பாட்டின் இயல்பைச் சுட்டும் சொல் அன்று. 'இப்பாட்டில் தாளமும் குரலும் இசைந்து செல்லவில்லை' என்று ஒருவர் கூறினால், பாட்டைப் போட்டுக் கேட்டு அக்கூற்றைச் சோதிக்கலாம்; உடன்படலாம், மறுக்கலாம். 'ஏமாந்து போனேன்' என்று கூறுபவரை எவ்வாறு மறுப்பது? அவர் ஏமாந்தது உண்மையே. ஆயினும் அவ்வுண்மை அவரைப் பற்றியது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணிக் காட்டுகின்றார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் முதலிய அவை அனைத்தும் நூலுக்குள்ளேயே விரல் வைத்துக் காட்டத்தக்கவை. படிப்பவன் எதிர்நோக்கியது கிட்டவில்லை என்பது அப்பத்தினுள் ஒன்றாக இல்லை. நன்னூலார் இலக்கண நூல்களை எண்ணி வகுத்ததை ஆங்கில மெல்லிசைக்குப் பொருத்துவது முறையோ எனச் சிலர் ஐயுறலாம். பொருளால் பொருந்தாவிடினும் முறையால் பொருந்தும். குற்றம் சொல்லுவோன் குற்றம் இருக்கும் இடத்தைக் காட்டவேண்டும் என்பதே அம்முறை.

இதனை விளக்குதற்குப் பாப் டிலன் 1970ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் வெளியிட்ட 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்னும் இரட்டை இசைத்தட்டினைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஏமாற்றமளித்த தட்டுகளைப் பட்டியலிடுவோர் எவரும் இதனை விட்டுவிடுவதில்லை.

டிலன் 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் நாட்டுப்பாடல் மரபில் காலூன்றி, குடியுரிமைப் போராட்டக் காலத்தின் குரலாகக் கருதப்பட்டவர். 1965இல் 'ஹைவே 61 ரீவிசிட்டட்', 1966இல் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' என அடுத்தடுத்து வந்த தட்டுகளால், மெல்லிசைப் பாட்டின் சொல்லாட்சி எவ்வளவு விரியக்கூடும் என்பதையே மாற்றி அமைத்தவர். இலக்கியத்திற்கான நோபெல் பரிசு 2016இல் அவருக்கு வழங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டில் அவருடைய அன்பர்கள் அவரைப் பாடகர் என்று மட்டும் எண்ணவில்லை. வழிகாட்டி என்றே எண்ணினர். உட்ஸ்டாக்கில் அவர் வாழ்ந்த வீட்டின் வாயிலுக்கும் உள்ளுக்குமாக அழையா விருந்தினர் வந்து தொல்லை தந்ததை 2004இல் வெளிவந்த தம் நினைவு நூலில் டிலன் விரிவாகவே கூறியுள்ளார். வழிகாட்டியிடம் எதிர்பார்ப்பது வேறு, பாடகரிடம் எதிர்பார்ப்பது வேறு அன்றோ!

அத்தகைய அன்பர்கள் கையில் வந்து சேர்ந்தது என்ன? அட்டையில் டிலன் தம் கையால் தீட்டிய ஒரு முகம். உள்ளே இருபத்து நான்கு பாட்டுகள். அவற்றுட் பல பிறர் இயற்றியவை. 1930களில் பிறந்து எல்லா விருந்துகளிலும் பாடப்பட்டுத் தேய்ந்த 'புளூ மூன்' அவற்றுள் ஒன்று. பால் சைமன் இயற்றிய 'தி பாக்ஸர்' மற்றொன்று. அதில் இரட்டைக் குரலாக ஒலிப்பவை இரண்டும் டிலனுடைய குரலே. 1969இல் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த நிகழ்ச்சியில் பதிவான நான்கு பாட்டுகள் இடையிடையே செருகப்பட்டிருந்தன. யாவற்றினும் வியப்பானது தொடக்கப் பாட்டு. பெண்கள் சிலர் இரண்டே அடிகளை மூன்று நிமிடங்கட்கு மேல் திரும்பத் திரும்பப் பாடுகின்றனர். நரம்பிசை பின்னே எழுகின்றது. டிலனின் குரல் கேட்கவே இல்லை. 'தன்னோவியம்' என்று பொருள்படும் பெயருடைய தட்டு, 'தான்' இல்லாமலே தொடங்குகின்றது.

'ரோலிங் ஸ்டோன்' இதழில் கிரீல் மார்க்கஸ் எழுதிய மதிப்புரை மெல்லிசைத் திறனாய்வு வரலாற்றிலேயே பெயர்பெற்றது. அச்சில் வரத்தகாத சொல் ஒன்றைப் பெய்து, 'என்ன இது' என்று வினவும் வரியோடு அது தொடங்கியது. அவ்வொரு வரியே இன்றளவும் எடுத்தாளப்படுகின்றது. அதனைத் தொடர்ந்து அவர் நெடிய கட்டுரை ஒன்றை எழுதினார் என்பதும், பாட்டுப் பாட்டாக நின்று கேட்டார் என்பதும் பலர் அறியாதவை. வசை வரி வாழ்ந்தது, ஆய்வு மறைந்தது. இது மதிப்புரை எழுதுவோர்க்கு என்றும் நேரும் கேடு.

அடுத்து ஒரு கதை கட்டப்பட்டது. டிலன் அதே ஆண்டு அக்டோபரில் 'நியூ மார்னிங்' என்னும் தட்டினை வெளியிட்டார். அதிலுள்ள பாட்டுகள் அவர் இயற்றியவை; கேட்போர் மகிழ்ந்தனர்; 'டிலன் திரும்பி வந்துவிட்டார்' என்று எழுதினர். இகழ்ச்சிக்கு அஞ்சி, நான்கே திங்களில் தம்மைத் திருத்திக்கொண்டார் என்பது கதை. திறனாய்வாளர்களுக்கு இக்கதை இனித்ததில் வியப்பில்லை. தம் எழுதுகோலால் ஒரு மேதையைத் திருத்தியதாக எண்ணிக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்! ஆனால் பதிவுக்கூடக் குறிப்புகள் வேறு கூறுகின்றன. 'நியூ மார்னிங்' பாட்டுகளுட் பெரும்பாலானவை 1970 ஜூன் முதல் வாரத்திலேயே பதிவாயின. அப்போது 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' கடைக்கே வரவில்லை. மார்க்கஸின் மதிப்புரையும் அச்சேறவில்லை. எழாத இகழ்ச்சிக்கு எவரும் மறுமொழி தருதல் இயலாது.

டிலனும் இதற்குத் தம் பங்கிற்குக் குழப்பம் சேர்த்தார். 1984இல் அளித்த நேர்காணலில், மக்கள் விரும்பவே இயலாத ஒன்றைத் தந்து அவர்களைத் தம்மைவிட்டு விலகச் செய்ய எண்ணியதாகக் கூறினார். நினைவு நூலிலும் ஏறக்குறைய அதே விளக்கம்: கையில் அகப்பட்டவற்றை எல்லாம் அள்ளி வீசியதாகச் சொல்கின்றார். இதனை நம்பி, 'ஏமாற்றுவதே அவர் நோக்கம், நோக்கம் நிறைவேறியது, ஆகவே தட்டு வெற்றி' என்று வாதிடுவோரும் உளர். படைத்தவர் பின்னாளில் சொல்வதெல்லாம் படைப்புக்குச் சான்றாகிவிடாது. தோல்வியுற்ற பின்னர், 'தோற்கவே ஆடினேன்' என்று கூறும் ஆட்டக்காரனை யார் நம்புவர்?

உண்மையான சான்று 2013ஆம் ஆண்டு வந்தது. 'அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்னும் பெயரில், அக்காலப் பதிவுகளின் தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டது. 1970இல் தட்டில் வந்த பாட்டுகள் சில, பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒலிகள் யாவும் நீக்கப்பெற்று, பாடிய நாளில் இருந்தவாறே அதில் இடம்பெற்றன. முன்பு வெளிவராத பாட்டுகளும் சேர்ந்தன. அத்தொகுப்பிற்கு உரைக்குறிப்பு எழுதியவர்களுள் ஒருவர் அதே கிரீல் மார்க்கஸ் என்பது நோக்கத்தக்கது.

அதனைக் கேட்டபோது வெளிப்பட்டவை இரண்டு. முதலாவது, டிலன் பொறுப்பின்றிப் பாடவில்லை. 1970 மார்ச்சில் நியூயார்க்கில், டேவிட் பிராம்பர்க்கின் கிதாரும் ஆல் கூப்பரின் விசைப்பலகையும் உடன்வர, பழைய நாட்டுப்பாடல்களை ஊன்றி உணர்ந்து பாடியிருக்கின்றார். 'பிரிட்டி சாரோ' என்னும் காதற்பிரிவுப் பாட்டில் அவர் குரல் எட்டிய மென்மை அவருடைய வேறு பதிவுகளில் எளிதிற் காணற்கரியது. அப்பாட்டு 1970ஆம் ஆண்டுத் தட்டில் இடம்பெறவே இல்லை! சொல்லற்ற வெற்று வாசிப்பாகிய 'வூகி பூகி' இடம்பெற்றது. தேர்ந்தெடுத்தலில் நேர்ந்த குறை இது. மக்களை விரட்டுவதற்காகவே பாடியவர் இவ்வாறு பாடியிருப்பாரோ என்னும் வினாவும் இங்கேயே எழுகின்றது.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. நியூயார்க்கில் பதிவான அந்த ஒலிநாடாக்கள் நாஷ்வில் நகருக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்த இசைக்கலைஞர்கள் அவற்றின்மேல் தாளக்கருவிகளையும் அடிநாதக் கிதாரையும் வாசித்துச் சேர்த்தனர். நரம்பிசையும் குழுக்குரலும் ஏறின. டிலன் உடனில்லை. நாஷ்வில் கலைஞர்கள் திறமையில் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர்களுக்கு இடப்பட்ட பணி இயற்கைக்கு மாறானது. டிலன் அப்பாட்டுகளைத் தாளக்கட்டு இன்றி, ஓரிடத்தில் தயங்கியும் ஓரிடத்தில் விரைந்தும், சொல்லின் போக்கிலே பாடியிருந்தார். நம் மேடைகளில் விருத்தம் பாடும் முறையை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். விருத்தத்திற்குத் தாளம் இல்லை. மிருதங்கக்காரர் கைகட்டி அமர்ந்திருப்பார். பாடகர் பாடி வீடு சென்ற பின்னர், அவ்விருத்தத்தின் பதிவினை மிருதங்கக்காரரிடம் கொடுத்து, 'இதற்கு வாசியுங்கள்' என்றால் அவர் என் செய்வார்? குரலைத் துரத்திக்கொண்டு ஓடுவார். 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' தட்டின் பல பாட்டுகளில் கேட்பது அவ்வோட்டமே. 'லிட்டில் சேடி' என்னும் கொலைப்பாட்டின் இரு வடிவங்களையும் சேர்ப்பொலி நீக்கிக் கேட்போர், குரலும் கிதாரும் தனித்திருந்த நிலையில் அதன் அச்சமூட்டும் ஆற்றல் எத்தகையது என்பதை அறிவர்.

ஆக, 1970இல் கேட்டவர்கள் உணர்ந்த குறை பொய்யன்று. ஆனால் அவர்கள் அதற்கு இட்ட பெயர் பொய். 'டிலன் வற்றிவிட்டார்', 'டிலன் நம்மைக் கைவிட்டார்' என்றனர். குறையோ பாடியவரின் ஊற்றில் இல்லை. சேர்ப்பிலும் தேர்விலும் தொகுப்பிலும் இருந்தது. மிகைபடக் கூறல் என்பார் நன்னூலார். வைட் தீவுப் பாட்டுகளோ மற்றொன்று விரித்தல். அவற்றுட் புகழ்பெற்ற ஒரு பாட்டில் டிலன் சொற்களைத் தடுமாறிப் பாடுவதும் அப்படியே விடப்பட்டுள்ளது.

ஈண்டு மற்றொரு தவற்றையும் தடுத்தாக வேண்டும். 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு நன்றாயிருப்பதால் 1970ஆம் ஆண்டுத் தட்டும் நன்றென்று கொள்ளுதல் கூடாது. இன்று அவ்வாறு எழுதுவோர் பலர். பண்டு இகழ்ந்ததற்கு நாணி, இன்று அளவிறந்து புகழ்கின்றனர். சேர்ப்பொலி நீக்கிய பாட்டு சிறப்பது, சேர்ப்பொலியோடு வந்த தட்டின் குறைக்குச் சான்றாகுமே அன்றி, அதன் நிறைக்குச் சான்றாகாது.

இனி, 'ஏமாற்றம்' என்னும் சொல் பாட்டைத் தவறாக அளப்பதோடு நில்லாமல், பாடுவோரின் வழியையே மாற்றிவிட்ட ஒரு நிகழ்ச்சி. ஃபிளீட்வுட் மாக் என்னும் ஆங்கில-அமெரிக்கக் குழு 1977இல் வெளியிட்ட 'ரூமர்ஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. அக்குழுவின் இணையர்கள் பிரிந்துகொண்டிருந்த வேளையில், அப்பிரிவையே பாட்டாக்கிப் பளபளவென்று மெருகிட்டு அளித்த தட்டு அது. அதே போன்ற இன்னொன்றைச் செய்திருந்தால் குழுமம் மகிழ்ந்திருக்கும், கேட்போரும் மகிழ்ந்திருப்பர். குழுவின் கிதார்க் கலைஞரும் தயாரிப்பின் மூளையுமாகிய லிண்ட்சி பக்கிங்காம் உடன்படவில்லை. ஒரு முறை வென்ற வாய்பாட்டை மீண்டும் எழுதுதல் கலையன்று என்பது அவர் கருத்து. அப்போது இங்கிலாந்தில் எழுந்த முரட்டுப் புதிய இசையின் வேகமும் அவரைத் தொட்டிருந்தது. தம் வீட்டிலேயே, சில வேளைகளில் குளியலறையில்கூட, தனித்திருந்து பாடிப் பதிவு செய்தார். 1979 அக்டோபரில் 'டஸ்க்' வெளிவந்தது: இரண்டு தட்டுகள், இருபது பாட்டுகள், பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவு.

தட்டு அமைந்த முறையே ஒரு கருத்துரை. முதற்பாட்டு கிறிஸ்டின் மெக்வீயின் மெல்லிய, பழகிய குரலில் வருகின்றது. கேட்பவர் தாம் எதிர்பார்த்த வீட்டிற்கே வந்துவிட்டதாக எண்ணிச் சாய்ந்து அமரும் வேளையில், இரண்டாம் பாட்டாகப் பக்கிங்காமின் 'தி லெட்ஜ்' பாய்கின்றது. மெருகு இல்லை, கிதார் கரகரக்கின்றது, இரண்டே நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. இவ்வாறு இழுத்தும் தள்ளியும் தட்டு முழுதும் செல்கின்றது. பெயர்ப்பாட்டில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு இசைக்குழுவே வந்து முழங்குகின்றது.

விற்பனை நாற்பது இலட்சம் படிகள் என்பர். எந்தப் பாடகரும் பெற விழையும் எண்ணிக்கை அது. எனினும் 'டஸ்க்' தோல்வி என்றே அழைக்கப்பட்டது. 'ரூமர்ஸ்' விற்ற கோடிகளோடு ஒப்பிட்டமையே காரணம். அமெரிக்க வானொலி வலையமைப்பு ஒன்று தட்டு முழுவதையும் ஒலிபரப்பியதால் மக்கள் வீட்டிலேயே ஒலிநாடாவில் பதிந்துகொண்டனர் என்று குழுவின் தலைவர் மிக் ஃபிளீட்வுட் குறைபட்டுக்கொண்டார். காரணம் எதுவாயினும், விளைவு பக்கிங்காமின் தலையில் விடிந்தது. இனி இவ்வழி வேண்டா என்று குழுவினர் முடிவு செய்ததாக அவர் பின்னர்ப் பலமுறை கூறியுள்ளார். 1982இல் வந்த 'மிராஜ்' மீண்டும் பழைய மெருகோடு வந்தது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடமும் பெற்றது. யாரும் ஏமாறவில்லை. இன்று அதனைப் பற்றி எழுதுவோர் சிலரே. 'டஸ்க்' தட்டினையோ, கேம்பர் வான் பேத்தோவன் என்னும் பிற்காலக் குழு முதற்பாட்டிலிருந்து இறுதிப்பாட்டுவரை முழுமையாகத் தாமே வாசித்து 2002இல் வெளியிட்டது.

'டஸ்க்' குறையற்றது என்பது இதன் கருத்தன்று. பாட்டியற்றுவோர் மூவர், ஒன்பது பக்கிங்காமுடையவை, ஆறு மெக்வீயுடையவை, ஐந்து ஸ்டீவி நிக்ஸுடையவை. மூவரும் மூன்று வேறு தட்டுகளுக்குப் பாடியது போலவே ஒலிக்கின்றது. நான்காம் பக்கத்தை அடையும்போது மெக்வீயின் மென்பாட்டுகள் ஒன்றன் சாயலை ஒன்று கொண்டு கலந்துவிடுகின்றன. பதினான்கு பாட்டுகளில் ஒரு தட்டாக அமைந்திருந்தால் இன்னும் இறுகியிருக்கும். இவ்வாறு எழுதியிருந்தால் அது பக்கிங்காமிற்கு உதவியிருக்கும். 'ரூமர்ஸ் போல் இல்லை' என்று எழுதியதால் அவருக்குக் கிட்டிய பாடம் ஒன்றே: இனித் துணியாதே.

லூ ரீட் 1975இல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்' இவ்வரிசையில் ஒரு தனி வகை. முந்திய ஆண்டுத் தட்டு அமெரிக்கப் பட்டியலின் முதற் பத்தில் இடம்பெற்றிருந்தது. அடுத்து வந்ததோ பக்கத்திற்குப் பதினாறு நிமிடங்களாக நான்கு பக்கங்களும் கிதாரின் மின்னிரைச்சல், பாட்டில்லை, குரலில்லை. வாங்கியோர் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்தனர். இங்கு ஏமாற்றம் என்னும் சொல் ஓரளவு பொருந்தும். மேடையில் நிற்கும் பாடகரின் படத்தை அட்டையில் அச்சிட்டு, பாட்டே இல்லாத தட்டினை விற்றல் வணிக நேர்மையன்று. ஆனால் அது அட்டையைப் பற்றிய குறை. அவ்விரைச்சலைச் செவியால் கேட்டு, ஏட்டில் இசைக்குறியாக எழுதி, 2002இல் பெர்லினில் நரம்பும் துளையுமான கருவிகளால் வாசித்துக் காட்டியது ஸைட்கிராட்சர் என்னும் குழு. வாசிக்கத்தக்க அமைப்பு ஒன்று உள்ளே இருந்தது என்பதற்கு அது போதும். விரும்பிக் கேட்கத்தக்கதா என்பது வேறு வழக்கு.

இறுதியாக ஸ்டீவி ஒண்டர். பிறந்த சில நாட்களிலேயே பார்வையை இழந்தவர். பதின்மூன்று வயதிலேயே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டவர். 1972 முதல் 1976 வரை அவர் வெளியிட்ட தட்டுகளுள் மூன்று, ஆண்டின் சிறந்த தட்டுக்குரிய கிராமி விருதினைப் பெற்றன. 1976இல் வந்த 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' அவற்றின் முடி. அதன்பின் மூன்று ஆண்டுகள் மௌனம். 1979 அக்டோபர் இறுதியில் வந்தது, செடிகொடிகளின் மறைவாழ்வைப் பற்றிய 'ஜர்னி த்ரூ தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' என்னும் இரட்டைத் தட்டு. பீட்டர் டாம்ப்கின்ஸ், கிறிஸ்டபர் பேர்ட் இருவரும் 1973இல் எழுதிய நூலைத் தழுவிய ஆவணப்படம் ஒன்றிற்கு அமைத்த இசை அது. செடிகளுக்கு உணர்வுண்டு என்னும் அந்நூலின் கூற்றுகளைத் தாவரவியலார் ஏற்கவில்லை.

கண் தெரியாதவர் திரைப்படத்திற்கு இசையமைத்த முறை அறியத்தக்கது. படத்தின் காட்சி ஒவ்வொன்றையும் தயாரிப்பாளர் சொல்லால் விரித்துரைப்பார். காட்சி எவ்வளவு நேரம் நீள்கின்றது என்பதை ஒலிப்பதிவாளர் எண்ணிச் சொல்வார். இவ்விரண்டையும் செவியில் வாங்கி, ஒண்டர் தம் மனத்தில் பூவை மலர்த்தி இசை அமைத்தார். மெல்லிசையில் எண்முறை ஒலிப்பதிவைக் கையாண்ட மிகத் தொடக்கக்காலத் தட்டுகளுள் இதுவும் ஒன்று.

கேட்டவர்கள் திகைத்தனர். தட்டு சுழலத் தொடங்கி முதல் மூன்று பகுதிகளும் பாட்டற்ற கருவியிசை. வானொலியில் பரவிய 'செண்ட் ஒன் யுவர் லவ்' முதல் தட்டில் கருவியிசையாக மட்டுமே தலைகாட்டுகின்றது. பாட்டாகக் கேட்க இரண்டாம் தட்டிற்குச் செல்ல வேண்டும். 'கூறியது கூறல்' என்று இதனைக் குற்றஞ்சாட்டியோர், ஒரு மெட்டு காட்சிதோறும் உருமாறித் திரும்புவது திரையிசையின் இலக்கணம் என்பதை மறந்தனர். அவர்கள் மறந்ததற்கும் காரணம் உண்டு. படத்தைப் பார்த்தோர் மிகச் சிலர். படத்தைக் காண இயலாத இசையமைப்பாளர் பிறர் சொல்லக் கேட்டு அமைத்த இசையை, படத்தைக் காணாத மக்கள், சொல்லுவாரும் இன்றிக் கேட்டனர்.

முதல் தட்டில் வரும் முதற்பாட்டு நம்மவர் செவியை ஈர்க்கத்தக்கது. செடிகளின் வளர்ச்சியை அளக்க நுண்கருவி கண்ட வங்க அறிவியலறிஞர் சகதீச சந்திர போசையும், அடிமைத் தளையில் பிறந்து வேளாண் அறிஞராக உயர்ந்த கறுப்பின அமெரிக்கர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரையும் அது பாடுகின்றது. புதியது கண்டோரை உலகம் நம்ப மறுக்கும் பழங்கதையே அதன் பொருள். தட்டின் ஆதரவாளர் சிலர் இப்பாட்டை எடுத்துக்காட்டி, ஒண்டருக்கும் அதே கதி நேர்ந்தது என்பர். ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் வாதம் ஆகாது. போசு தம் கருவியின் அளவுகளைக் காட்டினார். தட்டின் ஆதரவாளரும் பாட்டைத்தான் காட்ட வேண்டும்.

காட்டத்தக்கவை இல்லாமலில்லை. 'பிளாக் ஆர்க்கிட்' என்னும் பாட்டின் அமைதி, ஒண்டரின் எந்தத் தட்டிலும் இடம்பெறத் தகுந்தது. ஏறக்குறைய ஒன்பது நிமிடங்கள் ஓடும் 'ரேஸ் பேப்ளிங்', இயந்திரத் தாளத்தின்மேல் உருமாற்றிய குரலை ஏற்றி, பத்தாண்டு கழித்து நடனக்கூடங்களை ஆளப்போகும் இசையை முன்னறிவிக்கின்றது. அதே வேளையில், இந்தியப் பயணம் என்று பெயரிட்ட பகுதியில் சித்தார் வந்து தலைகாட்டிப் போகின்றதே அன்றி இராகம் எதுவும் வளர்வதில்லை. சுற்றுலா அஞ்சலட்டையில் கோபுரம் அச்சிட்டது போன்றது அது. மழலைக் குரல்களோடு வரும் சப்பானியப் பாட்டும் அத்தகையதே. நான்காம் பக்கம் முடிவை நோக்கி விரையாமல் தளர்கின்றது. சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றத்திற்கு இப்பக்கத்தைச் சான்று காட்டலாம். இக்குறைகளுள் எதுவும் 1976ஆம் ஆண்டுத் தட்டோடு ஒப்பிட்டுக் கண்டதன்று. இத்தட்டினுள்ளேயே கேட்கக் கிடைப்பவை.

மறு ஆண்டே ஒண்டர் 'ஹாட்டர் தன் ஜூலை' என்னும் தட்டினை வெளியிட்டார். ஒற்றைத் தட்டு, பத்தே பாட்டுகள், எல்லாவற்றிலும் குரல் முதலிலேயே வந்துவிடுகின்றது. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கக் கோரும் பாட்டும் அதில் உண்டு; 1983இல் அதற்குரிய சட்டம் நிறைவேறியது. மக்கள் அதனை மகிழ்ந்து வரவேற்றனர். செடிகளுக்காகச் செய்த இசையின் வழியில் அவர் மீண்டும் ஓர் இரட்டைத் தட்டு செய்யவில்லை.